போனை வைத்தால் லெப்டொப் திரை அணைவது ஏன்?

தங்கச்சி, ஹட்டன் ஈரம் இறங்கித் திரை பழுதாகிவிட்டதோ என்று பயப்படாதீங்க. விசைப்பலகை ஓரத்தில் போனை வைக்கும்போது மட்டும் இருண்டு, எடுத்ததும் வருகிறது என்றால், அது காந்தத்தின் வேலை.

மூடியின் விளிம்பில் சின்னக் காந்தம் ஒன்றும், கீழ்ப்பாகத்தில் காந்தம் பக்கத்தில் வருவதைக் கண்டுபிடிக்கும் ஹால் உணரியும் இருக்கும். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவுதான் அதற்கு அடிப்படை. காந்தம் நெருங்கினால் ‘மூடியாச்சு’ என்று உணரி சொல்லும், திரை அணையும். போன் ஸ்பீக்கரிலும் கவர் மூடும் இடத்திலும் காந்தம் உண்டே, அது எந்தக் காந்தம் என்று உணரிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

எங்கள் லயத்துக் காம்பராவில் மேசை சின்னது. நானும் போனை ஒரு சாண் தள்ளித்தான் வைக்கிறேன். காந்தம் நிறத்தைக் கெடுத்தது பழைய குழாய் டிவியில்தான், எல்சிடி திரையில் அந்த ஆபத்து இல்லை. போனை எடுத்து, ஒரு விசையை அழுத்திப் பார்க்காமல் புதுத் திரைக்குக் காசு கொடுத்துவிடாதீங்க.