லாவெண்டர் எண்ணெயைக் கைக்குழந்தைக்கு வைக்கலாமா?

கேள்வி: கேமரன் மலைக்குப் போனபோது வழியோரக் கடையில் 10 மில்லி லாவெண்டர் எண்ணெயும் ஒரு பொட்டலம் காய்ந்த பூவும் வாங்கினேன். எண்ணெயைத் தண்ணீரில் விட்டுக் குடித்தால் தூக்கம் வருமாம், குழந்தையின் உச்சந்தலையில் வைத்தால் சளி இறங்குமாம். பேரனுக்கு மூன்று மாதம், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதிக் குறைவு) உண்டு. வைக்கலாமா? பூவை என்ன செய்வது? – வாசகி, பீடோர், மலேசியா

பேரனுக்கு வேண்டாம் அம்மா. உச்சியிலும் வேண்டாம், நெஞ்சிலும் வேண்டாம், குளிக்க வைக்கும் வெந்நீரிலும் வேண்டாம். மூன்று மாதக் குழந்தைக்குச் சளி என்றால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நீங்களும் அதைக் குடிக்காதீர்கள்.

லாவெண்டர் என்ற ஒரே பெயரில் பல செடிகளின் எண்ணெய் விற்கிறது. அசல் லாவெண்டரில் கற்பூரச் சத்து மிகக் குறைவு. லாவண்டின் என்ற கலப்பினத்தில் அது நூற்றுக்கு ஆறு, எட்டு என்று ஏறும். கைக்குழந்தைக்குக் கற்பூரம் வலிப்பையே கொண்டுவரும். லாவண்டின் மலிவு, சோப்புக்கும் துணி அலசவும் போகும் சரக்கு. லேபிளில் ‘லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா’ என்ற தாவரப் பெயர் இல்லையென்றால் அசல் என்று நம்பாதீர்கள். அசல் எண்ணெய் ஒரு கிலோ வடிக்க 100 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். உங்கள் சின்னக் குப்பிக்கே ஏறக்குறைய ஒரு கிலோ பூ. பத்து வெள்ளிக்கு யார் கொடுப்பார்கள்?

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் ஏதோ கலந்திருக்கிறது. கறை இல்லாவிட்டாலும் செயற்கை வாசனை இல்லை என்று சொல்ல முடியாது.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை மேசைக்காரரும், வீடு தேடி வரும் ஏஜெண்டும் பேசும் பேச்சுதான் எனக்கு ஆத்திரம். அதிகாரி வந்தால் “இது வெறும் வாசனை எண்ணெய்”. உங்களிடம் மட்டும் அது தூக்கத்துக்கு, சளிக்கு, சர்க்கரைக்கு. நோய் தீர்க்கும் என்று விற்றால் அது மருந்து. ‘மால்’ என்ற எழுத்துகளோடு எட்டு இலக்கப் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். வேறொரு பொருளின் எண்ணைத் திருடி அச்சடிப்பவர்களும் உண்டு. அதனால் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எண்ணைத் தட்டி, வரும் பெயரும் குப்பியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பேரப்பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலையை வாங்குகிறவர் தலையில் கட்டியிருப்பது நியாயமே இல்லை. அதிகாரிகள் ஒரு நாள் மேசையைத் தூக்குகிறார்கள், மறுவாரம் அதே இடத்தில் அதே குப்பி.

எண்ணெய் அசலாக இருந்தால் நீங்கள் கை கால் வலிக்குத் தடவலாம். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பொறுங்கள். குளியல் நீரில் விட்டால் கரையாது, மிதந்து வந்து தோலில் அப்படியே ஒட்டி எரியும். நம் ஊர் வெக்கையில் திறந்த குப்பி சீக்கிரம் கெடும், கெட்ட எண்ணெய் அரிப்பைக் கொடுக்கும். இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

பூவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். உடனே ஊதாச் சாயம் இறங்கினால் அது அழகுக்கு விற்ற பூ, வாயில் வைக்கக் கூடாது. ‘உணவுக்கு’ என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் மட்டும், கொதித்து இறக்கிய ஒரு கோப்பை நீரில் ஒரு தேக்கரண்டி போட்டு ஐந்து நிமிடம் மூடி வடிகட்டிக் குடிக்கலாம். கூடுதலாக ஊறினால் சோப்பு நாற்றம்தான்.

சாயப் பூவாக இருந்தால் துணி அலமாரிக்கு. ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, பருத்தித் துணியில் இரண்டு மேசைக்கரண்டி முடிந்து, துணிகளுக்கு நடுவே வையுங்கள். வாரம் ஒரு முறை கசக்கிவிட வேண்டும். துணி அரிக்கும் பூச்சிக்கு ஓரளவு கேட்கும், கரப்பானுக்குக் கேட்காது.

இங்கேதான் உங்கள் பேரன் விஷயம் வருகிறது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். கடையில் ஊதா நிறத்தில் ‘லாவெண்டர்’ பாச்சை உருண்டை விற்கிறது. பூவுக்குப் பதில் அதுவே போதும் என்று வாங்கிவிடாதீர்கள். வாசனை லாவெண்டர், உள்ளே நாப்தலீன் என்ற ரசாயனம் இருக்கலாம். ஜி6பிடி குறைந்த குழந்தைக்கு நாப்தலீன் ஆவியே சிவப்பணுக்களை உடைக்கும். உருண்டையைக் குழந்தை தொட வேண்டியதில்லை. பெட்டியில் உருண்டையோடு கிடந்த பட்டுச் சேலையைக் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு, பேரனைத் தோளில் சாய்த்துத் தூங்க வைக்கிறீர்களே, அதுவே போதும். எண்ணெய் தடவிய உடம்பு இன்னும் வேகமாக இழுக்கும். ஆகவே வீட்டில் உள்ள உருண்டைகளை அகற்றுங்கள். குழந்தைத் துணியைச் சூடான நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். பட்டுச் சேலையை, நாற்றம் அறவே போகும்வரை நிழலில், காற்றில் பல நாள் தொங்கவிடுங்கள், அதுவரை அதைக் கட்டிக்கொண்டு அவனைத் தூக்காதீர்கள். கண் மஞ்சள் பூத்தாலோ, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனாலோ, குழந்தை வெளிறிச் சோர்ந்து பால் மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல், ஜி6பிடி அட்டையோடு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.