மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை: கார்ட்லெஸ் போன் கேள்வி – பதில்

யாரும் எடுக்காதபோது அழைப்பை எடுத்துச் செய்தியைப் பதிந்துவைக்கும் ஆன்ஸரிங் மெஷின் சேர்ந்த கார்ட்லெஸ் போன் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். பெரும்பாலும் வயதானவர்கள் இருக்கும் வீடுகளிலிருந்து வந்தவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கேள்வி: புதிய கார்ட்லெஸ் போன் வாங்கினோம். சுவரில் இருக்கும் ரோசட் பாக்ஸில் ஒயரைச் செருகினால் டயல் டோன் வரவில்லை. சமீபத்தில்தான் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். போனில் கோளாறா? முதலிலிருந்து எப்படி அமைப்பது? – வாசகி, மேற்கு மாம்பலம்

போன் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. ஃபைபருக்கு மாறியபின் சுவரில் ஓடும் பழைய செம்புக் கம்பியில் உயிர் இல்லை. பேச்சு இப்போது வருவது, வீட்டில் எல்லோரும் மோடம் என்று சொல்லும் அந்தப் பெட்டி வழியாக. அதன் பின்புறத்தைப் பாருங்கள். இன்டர்நெட் ஒயருக்கான துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் சற்றுக் குறுகலாக 'போன்', 'டெல்' அல்லது 'பாட்ஸ்' என்று எழுதிய துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். போனுடன் வந்த மெல்லிய ஒயரை 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அதில் செருகுங்கள். இரண்டு துளை இருந்தால் பெரும்பாலும் முதலாவதில்தான் லைன் கொடுத்திருப்பார்கள். இன்டர்நெட் துளையிலும் இந்த ஒயர் நுழையும். ஆனால் அங்கே டயல் டோன் கிடைக்காது, உள்ளிருக்கும் பின்களும் வளையலாம்.

அடுத்தது பேட்டரி. ஹேண்ட்செட்டின் பின்மூடியைத் திறந்து, பேட்டரி மேல் பிளாஸ்டிக் தாள் இருந்தால் உருவி எடுங்கள். பிளஸ், மைனஸ் பார்த்துப் பொருத்தி, பேஸில், அதாவது ஹேண்ட்செட்டை நிறுத்திவைக்கும் அடிப்பெட்டியில் வைத்துவிடுங்கள். முதல் சார்ஜுக்கு மாடலைப் பொறுத்து 7 முதல் 16 மணி நேரம் கேட்பார்கள். மேனுவலில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் விடுங்கள். இரண்டு மணி நேரத்திலேயே திரையில் பேட்டரி நிறைந்ததாகக் காட்டலாம். புது பேட்டரியில் அந்தப் படத்தை நம்பி எடுத்துவிட வேண்டாம்.

பேஸை எங்கே வைப்பது என்பதில்தான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. கடையில் '300 மீட்டர்' என்று சொல்வது வெட்டவெளிக்கு. வீட்டுக்குள் 50 மீட்டர் என்பார்கள். கான்கிரீட் சுவரும் தூணும் குறுக்கே வந்தால் அதுவும் சுருங்கும். இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டின் நடுப்பகுதியில், தோள் உயரத்தில், திறந்த ஷெல்ஃபில் வையுங்கள். மோடத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இப்போது விற்கும் டெக்ட் (கார்ட்லெஸ் போனுக்கான டிஜிட்டல் முறை) போன்கள் 1880–1900 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதால் வைஃபையோடு மோதுவதில்லை. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் போன் என்றால் மோதும், கரகரக்கும்.

கடைசியாகத் தேதியும் நேரமும். இதை விட்டுவிட்டால் ஆன்ஸரிங் மெஷினில் வந்த செய்தி காலையில் வந்ததா, முந்தாநாள் வந்ததா என்றே தெரியாது.

கேள்வி: அப்பாவுக்கு மூட்டுவலி. எழுந்து வருவதற்குள் ஆன்ஸரிங் மெஷின் எடுத்துவிடுகிறது. அவர் மெதுவாக வந்து எடுக்க என்ன செய்யலாம்? பெங்களூரில் இருக்கும் நான் அங்கிருந்தே செய்திகளைக் கேட்க முடியுமா? – வாசகர், அண்ணா நகர்

இரண்டுக்கும் வழி இருக்கிறது. நம் ஊர் லேண்ட்லைனில் 'ட்ரிங்–ட்ரிங்' என்று இரட்டையாக அடிப்பதுதான் ஒரு ரிங். அதன் இடைவெளியையும் சேர்த்தால் சுமார் மூன்று விநாடி. பல மெஷின்கள் கடையிலிருந்து வரும்போது நான்கு ரிங்கில் வைக்கப்பட்டிருக்கும். அதாவது 12 விநாடி. கட்டிலிலிருந்து எழுந்து செருப்பைத் தேடவே அது போதாது. மெனுவில் ரிங் எண்ணிக்கை என்ற இடத்துக்குப் போய் ஆறு அல்லது ஏழாக மாற்றுங்கள். லேண்ட்லைனில் எடுக்காத அழைப்பு 60 விநாடி அடிக்க வேண்டும் என்று 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்திருக்கிறது. ஆகவே ஏழு ரிங் வைத்தாலும் லைன் அறுந்துவிடாது. இன்னும் எளிய வழி, கட்டில் பக்கத்திலேயே ஒரு ஹேண்ட்செட்டை வைப்பது. மெஷின் எடுத்தபிறகு அப்பா வந்து பேசும் பட்டனை அழுத்தினாலும் ரெக்கார்டிங் நின்றுவிடும், பேசலாம். இதை அவரிடம் ஒருமுறை செய்து காட்டுங்கள். மெஷின் எடுத்துவிட்டால் அவ்வளவுதான் என்று பலர் நினைத்துத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

அதே மெனுவில் 'டோல் சேவர்' அல்லது 'ஆட்டோ' என்று ஒன்று இருக்கும். புதுச் செய்தி இருந்தால் மெஷின் இரண்டாவது ரிங்கிலேயே எடுக்கும்; இல்லாவிட்டால் நான்கு, ஐந்து ரிங் காத்திருக்கும். வெளியிலிருந்து கூப்பிடுபவர் மூன்றாவது ரிங் கேட்டதுமே 'செய்தி எதுவும் இல்லை' என்று புரிந்துகொண்டு காசு செலவில்லாமல் வைத்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். ஒரு செய்தி வந்து தங்கிவிட்டால், அதன்பிறகு வரும் ஒவ்வொரு அழைப்பும் ஆறு விநாடியில் அப்பாவின் கையை விட்டுப் போய்விடும்.

வெளியூரிலிருந்து கேட்க ரிமோட் கோடு என்னும் ரகசிய எண் வேண்டும். அதை முதலில் வீட்டில் பதிந்து வையுங்கள். பிறகு வெளியிலிருந்து கூப்பிட்டு, வரவேற்புக் குரல் ஓடும்போதே கோடை அழுத்தினால் மெஷின் திறக்கும். எந்த எண்ணை அழுத்தினால் செய்தி ஓடும், எதை அழுத்தினால் அழியும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலில் அந்தப் பக்கத்தை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி வைத்த கோடை மாற்றாமல் விடாதீர்கள். அது அந்த மாடலின் எல்லா மேனுவலிலும் அச்சாகியிருப்பது. லேண்ட்லைனுக்குக் குரல் அழைப்பாக வரும் ஓடிபி மெஷினில் பதிவாகிவிட வாய்ப்புண்டு. கோடு தெரிந்தவர் யாரும் அதைக் கேட்கலாம்.

வரவேற்புக் குரலைப் பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், ஹேண்ட்செட்டை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். ஒட்டிப் பிடித்தால் மூச்சுக்காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று விழும். "வணக்கம். இப்போது போனை எடுக்க முடியவில்லை. பீப் சத்தத்துக்குப் பிறகு உங்கள் பெயர், நம்பர், விஷயம் மூன்றையும் நிதானமாகச் சொல்லுங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம்" என்ற அளவு போதும். "ஊருக்குப் போயிருக்கிறோம், பத்தாம் தேதி வருவோம்" என்று பதியவே கூடாது. வீடு காலி என்று முன்பின் தெரியாதவருக்கும் சேர்த்துச் சொல்வது அது.

கேள்வி: காலர் ஐடியில் வந்த மொபைல் நம்பரை அப்படியே திருப்பி அழைத்தால் போகவில்லை. – வாசகர், பெரம்பூர்

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலை அழைத்தாலும் முன்னால் 0 போட வேண்டும். காலர் ஐடி அந்த 0 இல்லாமல் பத்து இலக்கமாகத்தான் காட்டும். சில மாடல்களில் பட்டியலில் இருக்கும் நம்பரைத் திருத்தி 0 சேர்த்து அழைக்கலாம். போன்புக்கில் பதியும்போதே 0 சேர்த்துப் பதிந்துவிட்டால் தொல்லையில்லை.

கேள்வி: மகள் அமெரிக்காவிலிருந்து மூன்று ஹேண்ட்செட் உள்ள செட் கொண்டுவந்தாள். அடாப்டரை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாமா? – வாசகி, திருவான்மியூர்

வேண்டாம் அம்மா. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரை மாற்றினால் அந்தச் சிக்கல் தீரும். ஆனால் அமெரிக்க டெக்ட் போன் பேசும் அலைவரிசை 1920–1930 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் அது மொபைல் சேவைக்கு ஒதுக்கிய இடம். வீட்டுக்குள் போன் நன்றாக வேலை செய்வதுபோல் தெரிந்தாலும் அக்கம்பக்கத்து மொபைல் சிக்னலைக் கெடுக்கும், சட்டப்படியும் கூடாது. ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்பது வருத்தம்தான். அங்கே இருக்கும் யாருக்காவது கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: கடலுக்கு அருகில் வீடு. ஒரு வருடமாகவில்லை, இரவெல்லாம் பேஸில் வைத்தும் ஹேண்ட்செட் சார்ஜ் ஏறவில்லை. – வாசகர், பெசன்ட் நகர்

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன், ஹேண்ட்செட்டின் அடியிலும் பேஸின் குழியிலும் இருக்கும் சின்ன உலோகப் பட்டைகளை வெளிச்சத்தில் பாருங்கள். உப்புக்காற்றில் அவை மங்கி, ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். அடாப்டரைக் கழற்றிவிட்டு, பென்சில் அழிக்கும் ரப்பரால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடக்கூடாது, மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே இன்னும் மோசமாகத் துருப்பிடிக்கும்.

அப்படியும் ஏறவில்லை என்றால் பேட்டரி. ரிமோட்டுக்குப் போடும் 1.5 வோல்ட் சாதா பேட்டரியைப் போட்டுவிடாதீர்கள். அது சார்ஜ் ஆகிற வகையல்ல. பேஸில் வைத்தால் சூடாகிக் கசியும், வெடிக்கவும் கூடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.2 வோல்ட், ட்ரிபிள் ஏ' என்று கேட்டு, இரண்டையும் ஒரே கம்பெனியில் ஒன்றாக வாங்கி ஒன்றாக மாற்றுங்கள். ட்ரிபிள் ஏ அளவில், பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் எண் 1100 எம்ஏஹெச்சைத் தாண்டி அச்சடித்திருந்தால் அதை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு கொள்ளாது.

கேள்வி: மழையில் கரண்ட் போனால் போனும் செத்துவிடுகிறது. அவசரத்துக்கு என்ன செய்வது? – வாசகி, வேளச்சேரி

கார்ட்லெஸ் போனின் பேஸ் வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் ஹேண்ட்செட்டில் பேட்டரி நிறைய இருந்தும் பயனில்லை. உங்களுடையது இன்னும் செம்புக் கம்பி லைன் என்றால் சாதாரண ஒயர் போன் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்; எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 48 வோல்ட்டே அதற்குப் போதும். 108, 112 எல்லாம் போகும். ஃபைபர் லைன் என்றால் மோடத்துக்கும் மின்சாரம் வேண்டும். அதற்கென்று சிறிய யுபிஎஸ் விற்கிறார்கள். அதன் 12 வோல்ட் ஒயரை போன் பேஸில் மட்டும் செருகிவிடாதீர்கள். பேஸ் அடாப்டர்கள் பல 5.5 அல்லது 6.5 வோல்ட்தான், பேஸ் எரிந்துவிடும். மோடத்தை யுபிஎஸ்ஸில் வைத்து, அதன் போன் துளையில் ஒயர் போனை மாட்டினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் நெருங்கும்போது அடாப்டர், போன் ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் பாதுகாப்பு பாதிதான். மழை விட்டு மறுபடி மாட்டியதும் திரையில் நேரம் மின்னிக்கொண்டிருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். ஆன்ஸரிங் மெஷினின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். சில மாடல்களில் கரண்ட் போய் வந்தபின் அது அணைந்த நிலையிலேயே நின்றுவிடும்.