நகையை அடகு வைக்க வேண்டாம், ஆனால் கைடு சொன்னது சரிதான்

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

உங்கள் மகள் சிர்கோனியா செராமிக்கில், அதாவது கடினமான ஒரு வகைப் பீங்கானில், பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களோடு பழகச் சொல்கிறார் கைடு. அதற்கேற்றாற்போல மகளின் மெயிலுக்கு ஒரு மாநாட்டு அழைப்பும் வந்திருக்கிறது; பதிவுக் கட்டணமே 60,000 ரூபாய். நகையை வைத்துக் கட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

கட்டாதீர்கள். இன்னும் பட்டமே வாங்காத பெண்ணை 'முக்கியப் பேச்சாளர்' என்று அழைக்கிறார்கள், ஆய்வுச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டு பணம் கேட்கிறார்கள் என்றால் அது பெரும்பாலும் வியாபாரம்தான். மகள் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டும் ஆட்களில் யாராவது அங்கே பேசியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருவரும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

ஆனால் கைடு சொன்னதில் தப்பில்லை. செராமிக் என்பது பவுடரை அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்வது. ஒரே பவுடர், ஒரே வெப்பநிலை, இருந்தும் ஒரு லேபில் கெட்டியாக வருவது இன்னொரு லேபில் விரிசல் விடும். காரணம் பல சமயம் கட்டுரையில் இருக்காது, செய்தவருக்குத்தான் தெரியும். அதனால் பெரிய பேராசிரியர்களுக்கு 'உங்கள் லேபில் இடம் கிடைக்குமா' என்று எழுதுவதைவிட, மகள் மேற்கோள் காட்டும் கட்டுரையில் பெயர் முதலில் இருக்கும் ஆசிரியருக்கு எழுதுவது மேல். அவரும் அநேகமாக உங்கள் மகள் வயதுதான் இருப்பார். "நீங்கள் 1,450 டிகிரியில் 2 மணி நேரம் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதே சூட்டில் முழு அடர்த்தியில் 94 சதவீதத்தைத் தாண்டவில்லை. பைண்டரை (பவுடரை ஒட்டவைக்கும் பசையை) எரிக்கும்போது சூட்டை எவ்வளவு மெதுவாக ஏற்றினீர்கள்?" இப்படிக் கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும். நாளைக்குத் தங்கள் லேபில் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்த பிறகு செய்யும் ஆராய்ச்சிப் பணி) இடம் காலியானால் முதலில் தகவல் சொல்வதும் இப்படிப் பழகியவர்கள்தான். ஒன்று, வெளியிடாத முடிவுகளைக் கைடிடம் சொல்லாமல் யாருக்கும் அனுப்பக் கூடாது.

ஐரோப்பிய செராமிக் சங்கம், அமெரிக்க செராமிக் சங்கம் இரண்டிலும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கென்றே தனி அமைப்புகள் உண்டு, அவற்றில் சேரட்டும். அமெரிக்கச் சங்கம் ஜனவரிதோறும் ஃப்ளோரிடாவில் நடத்தும் மாநாடு பெரியது. ஆனால் அதற்கு இப்போதே பறக்க வேண்டாம். 1928-இல் தொடங்கிய இந்திய செராமிக் சங்கத்தின் கூட்டங்களுக்கு ரயில் டிக்கெட் போதும். காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேட்டரி, எரிபொருள் கலம் என்று செராமிக் சார்ந்த வேலைகள் நடக்கும் இடம். வெளியூர் விஞ்ஞானிகள் அங்கே பேச வரும் நாட்களில் மகள் பஸ் ஏறிப் போய் வரலாம். நல்ல மாநாட்டில் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு, வெளிநாட்டுப் பயணத்துக்கு மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விவரம் கைடுக்குத் தெரிந்திருக்கும்.

உறவினர்கள் 'மானாமதுரைக்குக் கடம் செய்யப் போகிறாளா' என்று கேலி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். கடம் செய்வதும் லேசுப்பட்ட வேலையில்லை. அது கிடக்கட்டும், அவர்களில் பல்லுக்கு சிர்கோனியா கேப் போட்டவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. ஆதாரில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.