அடைக்கோழியைத் தண்ணீரில் முக்க வேண்டாம்: கோழி வளர்ப்புக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஐந்து மாதம் ஆகிவிட்டது. நான்கு விடைக்கோழிகளில் ஒன்றுகூட முட்டை வைக்கவில்லை. சேவல் இல்லாததுதான் காரணமா?

பதில்: சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல் தேவை. ஐந்து மாதத்தில் தொடங்கும் இனமும் உண்டு, எட்டு மாதம் இழுக்கும் இனமும் உண்டு. கொண்டை சிவந்து பெருத்திருக்கிறதா, முதுகைத் தொட்டால் பதுங்கி உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் நாள் நெருங்கிவிட்டது. பகல் குறுகும் பருவத்தில் இன்னும் தாமதமாகலாம். ஆனால் ஒன்று: முட்டை தொடங்கும் வரை முட்டைக்கோழித் தீவனம் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து நான்கு சதவீதம் வரை இருக்கும், வளரும் கோழிக்கு ஒரு சதவீதமே போதும். அதிகமானால் சிறுநீரகம் கெடும்.

கேள்வி: இந்த வாரம் ஓடில்லாமல் தோல் மட்டும் உள்ள தோல்முட்டை இரண்டு. பயமாக இருக்கிறது.

பதில்: புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழி என்றால் பயப்பட வேண்டாம், தானாகச் சரியாகும். பழைய கோழி என்றால் நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. வெயிலில் கோழி வாய் திறந்து இளைத்தாலும் ஓடு மெலியும், அதனால் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் முக்கியம்.

கேள்வி: கூண்டைச் சுற்றிக் கோழிவலை அடித்துவிட்டேன். போதும்தானே?

பதில்: போதாது. அந்த அறுகோணக் கண்ணி வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் அதைக் கிழித்துவிடும், கீரி அடியில் தோண்டி வந்துவிடும். அரை அங்குலக் கண்ணியில் பற்றவைத்த கம்பிவலை வாங்கி, ஓர் அடி மண்ணுக்குள் இறக்குங்கள். இருட்டுவதற்கு முன் தலையெண்ணிக் கதவைப் பூட்டுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. எது உள்ளே வந்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே சாகும்.

கேள்வி: ஆறு மாதக் கோழி, இன்னும் முட்டை இடவில்லை, ஏன்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மத்தியானம் ஒரு பெட்டை காலை நீட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் மூடிக் கிடந்தது. செத்துவிட்டது என்று ஓடினேன். எழுந்து உதறிவிட்டுப் போய்விட்டது!

பதில்: மண் குளியலும் வெயில் காய்தலும் அது. குழி பறித்து, இறகைச் சிலிர்த்து, காலால் மண்ணை வாரி இறகுக்கு அடியில் தோல்வரை ஏற்றிக்கொள்ளும். பேனும் செள்ளும் குறைய இதுதான் அதன் வழி. கழுத்தை மண்ணில் தேய்க்கும்போது அதன் முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள், அவ்வளவு சுகம் தெரியும். மழை படாத ஒரு மூலையில் காய்ந்த மண் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு பெட்டை ஒரு வாரமாகக் கூட்டைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கையை நீட்டினால் கொத்துகிறது. சேவல் இல்லை. அடை தெளிய என்ன செய்வது?

பதில்: அடைக்கோழி உடம்பைத் தட்டையாகப் பரப்பி, தொண்டைக்குள் உறுமிக்கொண்டே இருக்கும். நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டு, வெறும் தோல் முட்டையில் படும்படி உட்காரும். நாளுக்கு ஒரு தடவை எழுந்து அவசரமாகத் தின்று, குடித்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் போட்டுவிட்டுத் திரும்ப ஓடும். கரு இல்லாத முட்டைமேல் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் கூமுட்டைதான் மிஞ்சும், கோழி இளைத்துப்போகும். கருக்கூடிய முட்டை கிடைத்தால் இரவில் மாற்றி வையுங்கள், 21 நாளில் குஞ்சு. கிடைக்காவிட்டால், அடியில் கம்பிவலை உள்ள கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, வைக்கோல் இல்லாமல், தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நாள் விடுங்கள். வயிற்றுக்குக் கீழே காற்று ஓட வேண்டும்.

மறுப்பு: எதற்கு மூன்று நாள்? தண்ணீரில் நாலு முக்கு முக்கினால் தெளிந்துவிடும். வயிறு குளிர வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்களே!

பதில்: குளிர்ச்சி நாள்கணக்கில் வேண்டும், நிமிடக்கணக்கில் அல்ல. அடையைப் பிடித்து வைத்திருப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். கூட்டில் உட்கார உட்கார அது குறையாது. தண்ணீரில் முக்கி எடுத்த கோழி ஈரத்தோடு அதே கூட்டுக்குத்தான் ஓடும். ஏற்கெனவே சரியாகத் தின்னாமல் மெலிந்த கோழியை நனைத்து நடுங்கவிடுவதில் என்ன லாபம்?

மறுப்பு: எனக்கு ஒரே நாளில் தெளிந்ததே, அக்கா?

பதில்: அது உட்காரத் தொடங்கி ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். அந்தக் கட்டத்தில் முட்டையை எடுத்துக் கூட்டை மூடினாலே பல கோழிகள் விட்டுவிடும். தண்ணீருக்குப் பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். ஒரு வாரம் ஊறிய அடையில் அது பலிக்காது. தயவுசெய்து முக்காதீர்கள்.

கேள்வி: பெரிய பெட்டை ஒன்று மற்றவற்றைக் கொத்தி விரட்டுகிறது.

பதில்: கோழிகளுக்குள் வரிசை உண்டு. நார்வே விலங்கியலாளர் ஷெல்டரப்-எப்பே இதை 1920களிலேயே எழுதினார். தீவனத் தட்டை இரண்டாக்கித் தள்ளி வையுங்கள். ரத்தம் தெரிந்தால் மட்டும் அடிபட்டதை உடனே பிரித்து வையுங்கள், சிவப்பைக் கண்டால் எல்லாம் சேர்ந்து கொத்தும்.

கேள்வி: மூக்கில் சளி, தும்மல். என்ன மருந்து?

பதில்: கால்நடை மருத்துவர். இன்றே.

கேள்வி: முட்டை இடவில்லை...

பதில்: முதல் பதில்!

கேள்வி: கம்பிக் கூண்டில் மூன்று நாள் வைத்தேன், அக்கா. திறந்ததும் நேராகப் பழைய கூட்டில் போய் உட்கார்ந்துவிட்டது.

பதில்: இன்னும் இரண்டு நாள் வையுங்கள். அதற்குள் பழைய கூட்டை மூடிவிடுங்கள். இரவிலும் கம்பிக் கூண்டிலேயே இருக்கட்டும், அதன் கதவையும் பூட்டுங்கள்.