ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுகிறார்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். ஆடித் தள்ளுபடியில் ஒரு பெரிய ஷோரூமில் 38,500 ரூபாய்க்கு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்கினோம். பில் என் கணவர் பெயரில், பத்து மாத ஈ.எம்.ஐ. ஒன்பதாம் நாளே கீழ்ப்பகுதி குளிரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஷோரூம் மேனேஜருக்கு ‘வேற மாத்திக் கொடுங்க’ என்று வாட்ஸ்அப் செய்தேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால், ‘நாங்க வித்ததோட சரி, கம்பெனிகிட்ட பேசிக்கோங்க’ என்கிறார்கள். சர்வீஸ் ஆள் மூன்று தடவை வந்து கேஸ் அடித்தார், சென்சார் மாற்றினார், போர்டு மாற்றினார். இரண்டு தடவைக்கு ரசீது இருக்கிறது, ஒரு தடவைக்கு இல்லை. எழுபது நாளாகியும் பால் திரிகிறது. பில்லின் கீழே ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை, சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று போட்டிருக்கிறது. நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் தினம் பத்துப் பாக்கெட் கொடுக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு சர்வீஸ் ஆள், ‘வியாபாரத்துக்குப் போட்டா வாரண்டி கிடையாதுக்கா’ என்கிறார். வரும் வியாழக்கிழமை நாலாவது தடவையாக வருகிறாராம். ஈ.எம்.ஐ.யை நிறுத்திவிடலாமா மேடம்?

பதில்: முதலில் வியாழக்கிழமை விஷயம், அதுதான் அவசரம்.

சர்வீஸ் ஆளை வர விடுங்கள். ‘பழுது பார்க்கத் தயாராக இருந்தோம், அந்தம்மாதான் கதவைத் திறக்கவில்லை’ என்று நாளைக்கு எழுதிக் கொடுக்க அவர்களுக்கு இடம் வைக்க வேண்டாம். ஆனால் போகும்போது அவர் ஒரு ஓ.டி.பி. கேட்பார், அதைச் சொல்லிவிடாதீர்கள். அந்த எண் போன நொடியில் அவர்கள் கணினியில் உங்கள் புகார் ‘தீர்ந்தது, வாடிக்கையாளர் திருப்தி’ என்று மூடப்பட்டுவிடும். முந்தைய மூன்று தடவையும் நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். எல்லோரும் சொல்லிவிடுகிறோம், வெயிலில் வந்த பையன் வாசலில் நிற்கிறான், பாவமாகத்தான் இருக்கும். ‘இரண்டு நாள் ஓடட்டும், குளிர்ந்தால் சொல்கிறேன்’ என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஜாப் ஷீட், அதாவது செய்த வேலையைக் குறித்து சர்வீஸ் ஆள் தரும் ரசீது. என்ன கோளாறு, எதை மாற்றினார் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் ‘இன்னும் குளிரவில்லை’ என்று நீங்களும் தமிழிலேயே எழுதிப் போடுங்கள். நகல் தராவிட்டால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் இல்லாத அந்த ஒரு வருகைக்கு, அன்றைக்கு வந்த குறுஞ்செய்தியோ அழைப்புப் பதிவோ போனில் இருக்கும். அழித்துவிடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் சட்டம் சாதகமாக இல்லாமல் தோற்பதில்லை, காகிதம் இல்லாமல் தோற்கின்றன. ஒரு தடவை ரிப்பேர் ஆனதற்காக எந்த நுகர்வோர் ஆணையமும் முழுப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்லாது. ‘பழுது வந்தது, இலவசமாகச் சரிசெய்தோம், வாரண்டி என்பதே அதற்குத்தானே’ என்று கம்பெனி வக்கீல் கேட்பார், அது நியாயமான கேள்வியும்கூட. அந்த ஃப்ரிட்ஜிலேயே உற்பத்திக் குறை இருக்கிறது, பழுது பார்த்துத் தீராது என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. ஒன்பதாம் நாள் கோளாறு, பிறகு கேஸ், சென்சார், போர்டு, அதன் பிறகும் குளிரவில்லை என்ற வரிசை ஜாப் ஷீட்டுகளாகவும் போன் பதிவாகவும் மேசைமேல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. புதுப் பெட்டியில் கேஸ் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. எங்கே என்று கண்டுபிடிக்காமல் மறுபடி கேஸ் அடித்தால், அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. ‘கசிவு எந்த இடத்தில்?’ என்று கேட்டு அவர் பதிலையும் ஷீட்டில் எழுத வையுங்கள்.

உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ‘வெளியாள் கை வைத்துவிட்டார்’ என்ற ஒரு வரியில் உங்கள் வழக்கு படுத்துவிடும். போதாததற்கு, இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற எளிதில் தீப்பற்றும் வாயு இருக்கிறது. அதற்குப் பதில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை உள்ளே வைத்துக் காலை, மாலை படம் எடுங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள், ‘வோல்டேஜ் பிரச்சினை’ என்ற பல்லவி அடுத்து வரும். வழக்கு போட்ட பிறகு தேவைப்பட்டால், நுகர்வோர் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்படியோ, விவரம் தெரிந்த ஒருவரை வீட்டுக்கே அனுப்பிப் பார்க்கும்படியோ ஆணையத்திடமே மனு கொடுக்கலாம். கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதுவரை ஃப்ரிட்ஜை விற்கவோ எக்ஸ்சேஞ்சில் போடவோ கூடாது.

இனி கடைக்காரர். நீங்கள் பணம் கொடுத்தது அவருக்கு, பில் போட்டது அவர். வாரண்டி கார்டு என்பது கம்பெனி தன் பங்குக்குக் கொடுக்கிற தனி வாக்குறுதி, கடைக்காரருக்குக் கொடுத்த விடுதலைப் பத்திரம் அல்ல. விற்கிற பொருள் அதன் வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே விற்பவர் தலையில் வைத்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தாலே அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது பிரிவு 2(47). நீங்கள் பன்னிரண்டாம் நாள் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்தி இருக்கிறதே, அதன் அருமை உங்களுக்கே தெரியவில்லை! முப்பது நாளுக்குள் கேட்டீர்கள், அவர் பார்த்தார், பேசாமல் இருந்தார் என்பதற்கு அந்த நீலக் கோடுகளே சாட்சி. அந்தப் போனை மாற்றுவதாக இருந்தால் வழக்கு முடியும்வரை தள்ளிப்போடுங்கள். ஆணையம் சாட்சிய விதிகளை உரிமையியல் நீதிமன்றம்போல அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. ஆனாலும் பிரிண்ட் எடுத்துப் போடும்போது பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணைத்துவிடுவது பாதுகாப்பு.

‘வாபஸ் இல்லை’ என்று பில்லில் அச்சடித்துவிட்டதால் சட்டம் வாபஸ் ஆகிவிடாது. புடவை நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த வரியைக் காட்டலாம். குளிராத ஃப்ரிட்ஜுக்கு அது செல்லாது. ‘சென்னை எல்லை’ வரியும் அப்படித்தான். நுகர்வோர் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம், ஆகவே திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும்.

அதற்காகக் கடைக்காரர் மேல் மட்டும் வழக்கு போட்டுவிடாதீர்கள். உற்பத்திக் குறை என்று முடிவானால், ‘விற்றவர் என்ன செய்வார்’ என்று கடைக்காரரை விட்டுவிட்டுத் தயாரிப்பாளர் மேல் மட்டும் தீர்ப்பு சொல்கிற ஆணையங்களும் உண்டு. அந்த நேரத்தில் தயாரிப்பாளர் வழக்கிலேயே இல்லை என்றால் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரையொருவர் கை காட்டும் வேலையை அங்கே உட்கார்ந்து செய்துகொள்ளட்டும். பில் கணவர் பெயரில் இருப்பதால் அவரையே புகார்தாரராக்குவது எளிது. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்பதால் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

மாவுப் பாக்கெட்டுக்கு வருகிறேன். இதில்தான் நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் தன் பிழைப்புக்காகச் சுயதொழிலாகப் பயன்படுத்துவதை வணிக நோக்கம் என்று சொல்லக் கூடாது என்று அதே சட்டப் பிரிவு விளக்கம் தருகிறது. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1995இல் விரித்துச் சொன்ன லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் எதிர்தரப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம்தான். தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோரே என்றது அந்தத் தீர்ப்பு. 2019இல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில், நர்சுகள் தங்குவதற்காக வாங்கிய ஃப்ளாட்டுகளைப் பற்றிய கேள்வி வந்தபோது, வாங்கியதன் பிரதான நோக்கம் என்ன என்று பார்க்க வேண்டும் என்றார்கள். உங்கள் ஃப்ரிட்ஜ் முதலில் வீட்டுக்கு வந்தது. பால், காய்கறி, மீன் குழம்போடு பத்துப் பாக்கெட் மாவும் அதில் இருக்கிறது, அவ்வளவே.

வாரண்டி கார்டில் ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருந்தால் அதைக் கம்பெனி பிடித்துத் தொங்கும். பத்துப் பாக்கெட் மாவுக்காகக் கதவைத் திறந்து மூடியதால் ஒன்பதே நாளில் குளிர்ச்சி போய்விட்டது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும், காட்டட்டும். மாவு விற்பதை மறைக்காதீர்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அதே சமயம் ‘தினம் இவ்வளவு வியாபார நஷ்டம்’ என்று நஷ்டஈட்டில் ஒரு கணக்கைக் காட்டி, எதிர்தரப்பு கேட்காத வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

ஈ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தது வேறு நிறுவனம், அந்த ஒப்பந்தம் தனி. நீங்கள் கட்டாமல் விட்டால் கடைக்காரருக்கு ஒரு வலியும் இல்லை, கணவரின் சிபில் கணக்குத்தான் கெடும்.

இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள், வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்றில்லை. ‘இன்ன தேதியில் இன்ன எண் பில்படி 38,500 ரூபாய்க்கு வாங்கிய, இன்ன சீரியல் எண் கொண்ட ஃப்ரிட்ஜ் ஒன்பதாம் நாளிலிருந்து குளிரவில்லை. பன்னிரண்டாம் நாளே மாற்றித் தரக் கேட்டும் பதில் இல்லை. மூன்று முறை பழுது பார்த்தும் பலனில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் புதிய ஃப்ரிட்ஜ் தரவும், அல்லது முழுத் தொகையைத் திருப்பித் தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை நாடுவோம்.’ இவ்வளவு போதும், திட்டு வேண்டாம். கடைக்கும் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததைக் காட்டும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. ஆனால் ஷோரூம் மேனேஜர் எடுக்காத போனைக் கம்பெனியின் தலைமையகம் எடுக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் ஆணையம். வாங்கிய விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை, இதை எழுதினால் என் சக வக்கீல்கள் முறைப்பார்கள், ஆனாலும் உண்மை அதுதான். விலையும் வட்டியும், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகையும், செலவுத் தொகையும் கேளுங்கள். கட்டணம் இல்லை என்பதால் சிலர் பத்து லட்சம் நஷ்டஈடு கேட்டு எழுதுகிறார்கள், படிக்கிறவருக்குப் புகார் மேலேயே நம்பிக்கை போய்விடும். நோட்டீஸ் கிடைத்த எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. வழக்கை மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் ஒரு வருடத்தைத் தாண்டுவது சாதாரணம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வழக்கு தொடுக்க இரண்டு வருடக் கெடு உண்டு. ‘அடுத்த வாரம் வர்றோம், அடுத்த மாசம் பார்ட்ஸ் வருது’ என்று இழுக்க இழுக்க அது கரையும். ஒன்பதாம் நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்த பிறகும் பணம் தராமல் இழுத்தால், 72ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இவ்வளவு தூரம் போகாமல், கடிதம் கிடைத்ததும் ‘வாங்கக்கா, மாத்தித் தர்றோம்’ என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். போங்கள். டிஸ்ப்ளேயில் நின்ற பெட்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சீல் உடைக்காத பெட்டியை உங்கள் முன்னாலேயே பிரிக்கச் சொல்லி, ஸ்டிக்கரில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். பழைய பில்லின் மேல் புதுச் சீரியல் எண்ணைக் கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள், தனி பில் கேளுங்கள். வாரண்டி அன்றைய தேதியிலிருந்து தொடங்குகிறது என்று எழுத்தில் வேண்டும். ‘இனி எந்தப் புகாரும் இல்லை’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்து, புது ஃப்ரிட்ஜ் வீட்டில் பத்து நாள் ஓடிய பிறகு.