பதினான்காம் வசனம்

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

நான் ரங்கூனில் இருக்கிறேன். வீட்டுக்காரர் மலேசியாவில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பும் பணத்தில்தான் நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். அரிசியும் எண்ணெயும் விற்கிற விலை உங்களுக்கே தெரியும். இருந்தாலும் கொஞ்சம் மிச்சம் பிடித்து, சேர்ந்தவுடன் குண்டுமணி அளவாவது தங்கம் வாங்கி வைக்கிறேன். போன வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் செய்தி கொடுத்த சகோதரர், சேர்த்து வைக்கிறவர்களுக்கு விசுவாசம் கிடையாது, வனாந்தரத்தில் கர்த்தர் ஆகாரமாகத் தந்த மன்னாவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுடைய மன்னாவில் புழு உண்டானது என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. கர்த்தரை நம்பாமல்தான் நான் தங்கம் வாங்குகிறேனா?

இன்னும் இரண்டு கேள்வி. கரண்ட் வரவேண்டும், பஸ் கிடைக்கவேண்டும் என்று சின்ன விஷயத்துக்கெல்லாம் ஜெபிப்பது சரியா? சீட்டுப் போடலாமா?

நான் கர்த்தரையே சார்ந்திருக்கிறேன் அக்கா. முந்தாநாள்கூட மேல்மாடியில் இருக்கிற அக்கா, பிள்ளைக்கு மருந்து வாங்கப் பணம் கேட்டு வந்தார்கள். நம் சபைக்காரர்தான். கையில் இல்லை, ஆனால் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, அவர்கள் கையைப் பிடித்து ஜெபித்து அனுப்பினேன். ஆறுதலாகத்தான் போனார்கள்.

பெயர் போடவேண்டாம்.

ஒரு சகோதரி, ரங்கூன்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

தங்கம் வாங்கு. அதில் பாவம் ஒன்றும் இல்லை. உங்கள் கூட்டத்தில் பேசியவர் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தைப் பாதியில் மூடிவிட்டார். இன்னும் கொஞ்சம் வாசித்திருந்தால், ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர் அளவு மன்னா சேர்க்கும்படி ஏற்பாடு செய்ததும் கர்த்தர்தான் என்று பார்த்திருப்பார். அப்படி எடுத்து வைத்தது மறுநாள் நாறவில்லை, புழுக்கவும் இல்லை. யோசேப்பு ஏழு வருஷம் எகிப்தின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக் களஞ்சியத்தில் சேர்த்தான். அவனை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை. அதிலும் நம் ஊரில் நோட்டை நம்பாமல் தங்கம் வாங்குகிறவளைப் பார்த்து, நீ தேவனை நம்பவில்லை என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனசு வந்ததோ தெரியவில்லை. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

கரண்டுக்கு ஜெபி. வராவிட்டால் கரி அடுப்பை மூட்டு. அதில் யோசிக்க வேறு ஒன்றும் இல்லை.

இப்போது நீ கேட்காததற்கு வருகிறேன். உன் விசுவாசத்துக்குச் சாட்சியாக மாடி வீட்டு அக்காவைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறாய். கடிதம் முழுக்க எனக்குத் தூக்கிப்போட்டது அந்த இடம்தான். கையில் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்குச் சில வரிகள் முன்னால்தான் தங்கம் வாங்கி வைக்கிறேன் என்று எழுதினாய். ஒரு பிள்ளையின் மருந்துக்கு வந்து நின்றவளிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த இல்லைக்குக் கர்த்தருடைய பெயரைச் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். தராமல் அனுப்பியதுகூடப் பெரிதில்லை. நம் எல்லாருக்கும் கை இறுகுகிற நாள் உண்டு. இன்றைக்கு என்னால் முடியாது அக்கா என்று சொல்லியிருந்தால் அவள் வேறு ஒரு கதவைத் தட்டியிருப்பாள். நீ ஜெபித்து அனுப்பியதால், இனி யாரிடமாவது கேட்டால் அது தன் விசுவாசக் குறைவு என்று நினைத்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாளோ என்றுதான் எனக்குப் பயம். ஆறுதலாகத்தான் போனார்கள் என்கிறாய். உனக்கு முன்னால் வேறு எப்படிப் போவாள்?

கொஞ்ச காலமாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் நாலாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உன் கடிதம் வந்தவுடன் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த அதிகாரத்தின் இரண்டு வசனம் நம் வீடுகளில் சுவர் சுவராகத் தொங்குகிறது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது 13ஆம் வசனம். "என் தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம் கிறிஸ்து இயேசுவுக்குள் மகிமையிலே நிறைவாக்குவார்" என்பது 19. காலண்டரில், பைபிள் உறையில், கடைக் கல்லாவுக்கு மேலே எல்லாம் இவை இரண்டும் இருக்கும். நடுவில் இருக்கிற ஐந்து வசனத்தை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. 14ஆம் வசனத்தில் பவுல் என்ன சொல்கிறார்? ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னோடு பங்குபட்டது நல்லது என்கிறார். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்று சொன்ன அடுத்த மூச்சில் சொல்கிறார். அப்புறம், நான் தெசலோனிக்கேயில் இருந்தபோதும் இரண்டொரு தரம் உதவி அனுப்பினீர்களே என்று பழையதை நினைத்துச் சொல்கிறார். எப்பாப்பிரோதீத்தின் கையில் நீங்கள் அனுப்பியது வந்து சேர்ந்தது, இப்போது எனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார். அதற்குப் பிறகுதான் 19ஆம் வசனம் வருகிறது.

அது எப்படிப்பட்ட கடிதம் என்று யோசித்துப் பார். காவலில் கிடக்கிற ஒருவர், தனக்குச் சாமானும் பணமும் அனுப்பியவர்களுக்குக் கிடைத்தது என்று எழுதுகிற பதில். தேவன் உங்கள் குறைவை நிறைவாக்குவார் என்று யாரைப் பார்த்துச் சொல்கிறார்? கொடுத்தவர்களைப் பார்த்து. தங்களிடம் இருந்ததை எடுத்து அனுப்பிவிட்டு, இனி நம் பாடு என்ன என்று நிற்கிறவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது. கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பும்போது சொல்கிற வார்த்தையாக அதை நாம் ஆக்கிவிட்டோம். அந்தப் பணத்தைக் கொண்டுபோன எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாகக் கிடந்தான் என்று அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. பவுலின் குறைவு நிறைவான வழியில் ஒரு மனுஷன் படுக்கையில் விழுந்தான். இதைக் காலண்டரில் போட இடமில்லையா?

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதை உன் அரிசிப் பானையைப் பார்த்து எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அடுத்த வீட்டுப் பானையைப் பார்த்துச் சொல்லாதே. யாக்கோபு இதை எவ்வளவு கோபமாகச் சொல்லியிருக்கிறார் என்று அவருடைய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பார். சாப்பாடு இல்லாதவனிடம் சமாதானத்தோடே போ, பசியாறு என்று வாயால் சொல்லி, வேண்டியதைக் கொடுக்காவிட்டால் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறார்.

இந்த வசனத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று நீ நினைக்கலாம். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 க்யாட் நோட்டுகள் செல்லாது என்று நம் பர்மா அரசாங்கம் அறிவித்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பெரிய நோட்டுகள் போனபோது ஓரளவாவது மாற்றிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அதுவும் கிடையாது. உன் வயதுக்காரர்களுக்கு அது யாரோ சொன்ன கதை. இங்கே மோல்மீனில் என் அம்மாவுக்கு அது என் அக்காவின் கல்யாணம். தையல் கூலியில் மிச்சம் பிடித்து, பிஸ்கட் டின்னில் 75 க்யாட் நோட்டாக அடுக்கி வைத்திருந்தாள். தை மாதத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஒரே நாளில் டின்னுக்குள் இருந்ததெல்லாம் காகிதம்.

விஷயம் தெரிந்து சபையில் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பிலிப்பியர் 4:19ஐ வாசித்து, கண்ணீர் விட்டு ஜெபித்தார். அந்தக் கண்ணீர் உண்மையானதுதான். தேயிலைத் தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவருக்குப் பஜாரில் வாடகை வருகிற கடைகள் இருந்தன. அம்மா அன்று ராத்திரி அடுப்பு மூட்டவில்லை. அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை, தங்கச்சி. உன்னைப் போலத்தான். ஜெபித்தவுடன் தன் பங்கு முடிந்தது என்று மனதார நம்பினார்.

எங்கள் சபைப் பெண்களிடம் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அதை விற்கிற பணம் ஊழியத்துக்குப் போகும். அந்த மாதம் அவர்கள் விற்கவில்லை. நோட்டு போன வீடுகளுக்கு அப்படியே பங்கு போட்டார்கள். அவர்கள் வீட்டு நோட்டும் செல்லாமல்தான் போயிருந்தது. கல்யாணத்துக்கு ஒருத்தி சேலை கொடுத்தாள், ஒருத்தி தன் சங்கிலியைக் கழற்றி அன்றைக்கு மட்டும் போட்டுவிட்டாள், வளர்த்த கோழியைப் பிடித்துக்கொண்டு வந்தவள் இருந்து சமைத்தும் கொடுத்தாள். யாரும் ஒரு வசனமும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா சாகும்வரை 19ஆம் வசனத்தைச் சத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்களால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

இது மனுஷர் செய்த உதவி, இதில் தேவனைச் சார்வது எங்கே என்று நீ கேட்கலாம். இதே ஊரில் உட்கார்ந்து 1834இல் பர்மிய பைபிளை மொழிபெயர்த்து முடித்தாரே அமெரிக்க மிஷனரி ஜட்சன், அவரை எடுத்துக்கொள். தேவனையே சார்ந்திருந்தவர் என்று பிரசங்கத்தில் அவரைத்தான் சொல்வார்கள். 1824இல் இங்கிலீஷ்காரரோடு யுத்தம் வந்தபோது, பர்மிய ராஜாவின் தலைநகரான ஆவாவில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அந்தச் சிறையில் கைதிக்குச் சாப்பாடு கிடையாது. வெளியே இருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினி. மனைவி ஆன் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தும் சாப்பாட்டைக் கொண்டுபோனார், அதிகாரிகள் வீடு வீடாக ஏறி இறங்கினார். அப்புறம் கைதிகளை அவுங்பின்லே என்ற கிராமத்துக்குக் கொண்டுபோனபோது, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவும் பின்னாலேயே போனார். அங்கே காய்ச்சலில் விழுந்து பால் வற்றிவிட்டது. சிறைக் காவலருக்கு அந்த அம்மா ஏதோ கொடுத்துச் சம்மதம் வாங்க, ஜட்சன் அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குள் போனார். கைக்குழந்தை வைத்திருந்த தாய்மாரிடம் என் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் கொடுங்கள் என்று கேட்டார். ஜெபிக்கத் தெரியாதவரா அவர்? கேட்பது அவருக்கு அவிசுவாசமாகத் தெரியவில்லை. தேவன் அந்தப் பிள்ளைக்கு வைத்திருந்தது அந்தத் தாய்மாரிடம் இருந்தது, அதனால் அங்கே போனார்.

அப்போது அவர்களோடு வங்காளத்து ஆள் ஒருவர் சமையலுக்கு இருந்தார். அவரைப் பற்றி ஆன் எழுதி வைத்திருக்கிறார். சமையலைத் தவிர வேறு வேலை தொடாத வழக்கம் உள்ளவர், அந்த நாட்களில் சாதியையும் மறந்து எல்லாம் செய்தாராம். ஜட்சனுக்குச் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, காய்ச்சலில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்வாராம். விறகுக்கும் தண்ணீருக்கும் வெகுதூரம் போகவேண்டியிருந்ததால், பொழுது சாயும்வரை அவர் வாயில் சோறு போகாத நாட்களும் உண்டாம். நம் பாட்டன் பூட்டனைப் போலக் கடல் தாண்டி இந்தக் கரைக்குப் பிழைக்க வந்த ஒருவர். ஆன் எழுதினதில் சமையல்காரர் என்று மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை. ஜட்சனைத் தேவன் காப்பாற்றினார் என்று பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனுஷனைத்தான் ஞாபகம் வரும். பர்மிய பைபிளைக் கையில் எடுக்கிறவர்கள் எல்லாரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

தங்கச்சி, உன்னை நிறையத் திட்டிவிட்டேன். உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்காரர் தூரத்தில், மாமியார், இரண்டு பிள்ளைகள், நாளைக்கு என்ன விலை என்று தெரியாத அரிசி. எடுத்துக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நமக்கு யார் என்றுதான் உன் கை இறுகியது. தூக்கம் வராததும் தங்கத்தால் இல்லை, இந்தப் பயத்தால் என்று நினைக்கிறேன். உனக்குக் குறைவு வந்தால் நீயும் வெட்கப்படாமல் அந்த மாடிப்படி ஏறிப் போய்க் கேள். உன் புருஷனுக்கு எழுதும்போதும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே எழுதிக்கொண்டிருக்காதே.

இன்றைக்கே மேலே போ. பிள்ளைக்கு என்ன மருந்து, இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேள். நீயே வாங்கிக்கொண்டுபோய்க் கொடு. கடனாகக் கொடுக்காதே. முழுவதையும் தர முடியாவிட்டால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு, மீதிக்குச் சபையில் யாரிடம் கேட்கலாம் என்று அவளோடு சேர்ந்து நீயும் போ. முந்தாநாள் ஜெபித்த ஜெபத்தை நீ திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டாம். அது நல்ல ஜெபம்தான், பாதியில் நிற்கிறது. இதை அடுத்த ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லாதே, அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். நடத்துகிறவர் யார், எவ்வளவு காலமாக நடத்துகிறார், இதற்கு முன்னால் எடுத்தவர்களுக்குச் சொன்ன தேதியில் பணம் கிடைத்ததா என்று விசாரித்து எழுது. அது தெரியாமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்பதையும் அதில் எழுது.

அன்புடன்,
அக்கா