பதின்பருவப் பெண்களின் 'ஆண்மை', 'பெண்மை' குணங்கள் மாறாமல் நிற்குமா?

வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளைகளிடம் துணிச்சல் குறைந்து 'பெண்மைக் குணங்கள்' கூடுமா, அல்லது சிறு வயதில் இருந்தபடியே தொடருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலை உளவியல் ஆய்வேட்டுக்கு இதே பொருளை எடுத்திருந்தேன் என்பதால் சொல்கிறேன்.

இக்குணங்களை அளக்கப் பெரிதும் பயன்பட்டது, அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974-இல் வெளியிட்ட வினாநிரல். அதில் 'சொந்தக் காலில் நிற்பது' போன்ற 20 பண்புகள் ஆண்மைக்கும், 'மனம் புண்பட்டவரைத் தேற்ற முனைவது' போன்ற 20 பண்புகள் பெண்மைக்கும் உரியவை. மீதி 20 பொதுவானவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை தனக்குத்தானே எண் இட வேண்டும். அந்தந்த 20 எண்களின் சராசரியே மதிப்பெண். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் என்பதால், ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே தீர வேண்டும் என்பதில்லை. நான்கு வாரம் கழித்து மீண்டும் கேட்டபோது விடைகளுக்கிடையே ஒட்டுறவு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.90 அளவுக்கு இருந்தது. ஆனால் விடையளித்தவர்கள் கல்லூரி மாணவர்கள், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அல்லர்.

பருவமடையும் காலத்தில் பாலினப் பண்புகள் தீவிரமடையும் என்ற கருதுகோளை ஹில், லிஞ்ச் ஆகியோர் 1983-இல் முன்வைத்தனர். பிரீஸ், லிண்ட்பெர்க், ஹைட் மூவரும் 11, 13, 15 வயதுகளில் அதே பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய தீவிரம் தென்படவில்லை. பெண்மை மதிப்பெண் சிறுமியருக்குச் சிறுவர்களைவிட உயர்ந்திருந்தது. ஆண்மை மதிப்பெண்ணில் வேறுபாடே இல்லை.

என் கருத்தில், மாறுவதாகத் தோன்றுவதில் ஒரு பங்கு கணக்கு முறையினால் வருவது. குழுவின் இடைநிலை எண்ணை (மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எல்லைக்கோடாக வைத்து, ஆண்மை மட்டும் மிக்கவர், பெண்மை மட்டும் மிக்கவர், இரண்டும் மிக்கவர், இரண்டும் குறைந்தவர் என்று நான்கு வகையாகப் பிரிக்கும்போது, கோட்டை ஒட்டி நிற்கும் பெண் 4.9-லிருந்து 5.0-க்கு நகர்ந்தாலே வேறு வகைக்குப் போய்விடுகிறாள். குணம் மாறியதென்று அறிக்கை எழுதிவிடுகிறோம் (நானும் எழுதியிருக்கிறேன்).

இன்னொரு பங்கு கேள்வியிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படிவம் கொடுத்தபோது, 'என் கருத்தை விட்டுக்கொடுக்காமல் பேசுவேன்' என்ற வரியில் பேனாவை நிறுத்திய ஒரு மாணவி, "வீட்லயா மிஸ், ஸ்கூல்லயா?" என்று கேட்டாள். படிவத்தில் அதற்கு இடமில்லை. பொதுவாக எப்படி இருப்பாய் என்று யோசித்து எழுது என்றேன். சற்றுத் தயங்கிவிட்டு 4 என்று போட்டாள்.